மாடி அறையில் கட்டிய ப்ளூநோஸ்

மரக் கப்பல் மாதிரிக்கான பெட்டியை எல்லோரும் மூடியில் இருக்கும் படத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். திறந்தால் உள்ளே கப்பல் இருக்காது. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய மெல்லிய மரப்பட்டிகள், லேசரில் வெட்டிய ஒட்டுப்பலகைகள், சிறு டப்பாக்களில் பித்தளைச் சாமான், நூல்கண்டுகள், மடித்த துணி, மேசையை மூடும் அளவுக்கு விரியும் வரைபடம், இவ்வளவுதான். இவற்றிலிருந்து மூடிப் படத்துக்குப் போகிற வழியில் பெரும்பகுதி கையேட்டில் கிடையாது. என் கப்பல் முடிந்து கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டது. அளவுகளும் செலவும் மறந்துபோவதற்குள் எழுதி வைக்கிறேன். இதே வேலையில் இறங்கும் ஒருவருக்கு ஒரு கட்டுப் பட்டியாவது மிச்சமாகட்டும்.

நான் காட்பாடி காந்தி நகர்வாசி. ராணிப்பேட்டையில் ஒரு காலணித் தொழிற்சாலையின் பேட்டர்ன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கால் வடிவ அச்சின் மேல் தோல் சுருக்கமில்லாமல் உட்கார வேண்டுமானால் தட்டையான தோலை எந்தக் கோட்டில் வெட்ட வேண்டும் என்று கண்டுபிடிப்பதுதான் அங்கே என் பிழைப்பு. பெட்டியைக் கொண்டுவந்தவர் மாப்பிள்ளை. மகளும் அவரும் கனடாவில் ஹாலிஃபாக்ஸில் இருக்கிறார்கள். "மாமா, உங்களால் வீட்டில் சும்மா உட்கார முடியாது என்று அத்தை சொன்னார்கள்" என்று சொல்லிக்கொண்டே கூடத்து மேசையில் வைத்தார். விலைச்சீட்டை முன்பே கிழித்துவிட்டிருந்தார்.

ப்ளூநோஸ், ஹாலிஃபாக்ஸிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டரில் உள்ள லூனன்பர்க்கில் 1921 மார்ச் 26 அன்று வெள்ளோட்டம் விடப்பட்ட இரட்டைப் பாய்மர மீன்பிடிக் கப்பல். வில்லியம் ரூவே வரைந்தது. காட் மீனும் பிடிக்க வேண்டும், மீன்பிடிக் கப்பல்களுக்கென்று நடந்த பந்தயத்தில் அமெரிக்கக் கப்பல்களை முந்தவும் வேண்டும் என்று கட்டினார்கள். ஆங்கஸ் வால்டர்ஸ் தலைமையில் அது முந்தவும் செய்தது. 1937 முதல் கனடாவின் பத்து சென்ட் நாணயத்தில் இருப்பது இந்தக் கப்பலின் உருவம்தான். 1946 ஜனவரியில் ஹெய்ட்டி அருகே பாறைத்திட்டில் மோதி முடிந்துபோனது. வேகத்துக்காக வரைந்த உடல் என்பது மாதிரி செய்கிறவனின் கைக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும். முன்பக்கமான அணியம் குறுகி உள்வாங்கும், பின்பக்கமான அமரம் தண்ணீருக்கு மேல் நீண்டு தொங்கும். இரண்டு இடத்திலும் நேரான பட்டி படியவே படியாது.

என்னுடையது எழுபத்தைந்தில் ஒரு பங்கு அளவு. அசல் நீளம் 43.6 மீட்டர் என்பதால் மாதிரியின் உடல் 58 செ.மீ.; அகலம் 8.2 மீட்டர் என்பது 11 செ.மீ. ஆகிறது. ஓர் அங்குலத் தடிமன் கயிறு இங்கே மூன்றில் ஒரு மில்லிமீட்டர். இந்த எழுபத்தைந்தை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியோடு வரும் சாமான்களில் எது பொருந்தாத பருமன் என்று கண்டுபிடிக்க இது ஒன்றே வழி.

பெட்டியைத் திறந்தது அக்னி நட்சத்திரத்தில். குளிர்ந்த கடற்கரை ஊரிலிருந்து வந்த மரம் வேலூர் வெயிலில் ஈரத்தை விட்டது. கப்பலின் முதுகெலும்பான, 5 மி.மீ. ஒட்டுப்பலகையில் வெட்டிய அடிமரத்தைக் கிரானைட் பலகையில் வைத்துப் பார்த்தால் ஒரு முனை 3 மி.மீ. எழும்பி நின்றது. அடிமரம் முறுக்கியிருந்தால் கப்பல் முழுவதும் முறுக்கும். பிற்பாடு இழைத்துச் சரிசெய்யலாம் என்ற எண்ணமே வேண்டாம். குழிந்த பக்கத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்து, சமையலறை மேடை போட்டபோது மிஞ்சிய இரண்டு கிரானைட் துண்டுகளுக்கு நடுவே அழுத்தி வைத்தேன். ஈரம் பட்ட பக்கம் உப்பி, வளைவு நிமிரும். ஒரு மில்லிமீட்டருக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன். மீதியை, அடிமரத்துக்குக் குறுக்கே நின்று உடலுக்கு வடிவம் தரும் சட்டங்கள் பார்த்துக்கொண்டன. சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே அடிமரத்தை ஒட்டி, மூலைமட்டம் பார்த்து வெட்டிய கட்டைகளை இறுக்கமாகச் செருகி ஒட்டினால் அடிமரம் அதற்கு மேல் அசையாது. கையேட்டில் இந்தக் கட்டைகள் இல்லை. நேதாஜி மார்க்கெட் பழக்கடையில் கேட்டு வாங்கிய ஆப்பிள் பெட்டிப் பலகைதான் கட்டைக்கு உதவியது. அதே பலகையை அணியத்தில் முதல் இரண்டு சட்டங்களுக்கு நடுவேயும் நிரப்பினேன். பட்டி முனைகள் ஒட்டிக்கொள்ள அங்கே அகலமான பரப்பு வேண்டும்.

லேசர் வெட்டிய விளிம்பு கரிந்து கறுத்திருக்கும். அந்தக் கரியின் மேல் பசை நன்றாகப் பிடிக்காது. பலகைகள் ஒட்டப்போகிற விளிம்புகளையாவது வெளுக்கும்வரை தேய்த்துவிட வேண்டும். அதை எப்படியும் செய்யத்தான் போகிறோம், ஏனென்றால் சட்டங்களின் விளிம்பைக் கப்பலின் வளைவுக்கு ஏற்பச் சாய்க்க வேண்டியிருக்கிறது. 120 எண் உப்புத்தாளை ஒரு வளையும் மரப்பட்டியில் ஒட்டி, ஒரே நேரத்தில் மூன்று சட்டங்களையாவது தொடும்படி இழுத்துத் தேய்த்தேன். சோதனைக்கு ஒரு பட்டியை அணியத்திலிருந்து அமரம் வரை வைத்துப் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்ப்பது. பட்டிக்கும் சட்டத்துக்கும் நடுவே வெளிச்சம் கசிந்தால் இன்னும் தேய்க்க வேண்டும். பெரும்பாலானோர் பொறுமை இழந்து அவசரப்படும் கட்டம் இது. இங்கே மிச்சப்படுத்திய ஒரு மாலைப்பொழுது, பின்னால் புட்டி பூசிப் பூசி ஒரு மாதத்தைத் தின்னும்.

இனிப் பலகை அடைப்பது, அதாவது சட்டங்களின் மேல் பட்டிகளை ஒட்டி உடலை மூடுவது. இதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

பெட்டியில் வந்தவை 5 மி.மீ. அகலம், 1.5 மி.மீ. தடிமன் கொண்ட வெளிர்மரப் பட்டிகள். எல்லாம் ஒரே அகலம். கையேட்டுப் படத்தில் அவை மேலிருந்து கீழே ஒன்றன்பின் ஒன்றாகச் சமர்த்தாகப் போய்ச் சேருகின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள். காகித நாடாவால் நடுச்சட்டத்தில் தளத்திலிருந்து அடிமரம் வரை அளந்தால் 110 மி.மீ.; 22 பட்டிகள். அதே தூரம் அணியத்தில் 72 மி.மீ.தான். அங்கேயும் 22 பட்டிகள் போய்ச் சேர வேண்டுமானால் ஒவ்வொன்றும் 3.3 மி.மீ. அகலத்துக்குக் குறுக வேண்டும். அமரப் பக்கம் 120 மி.மீ.; அங்கே 10 மி.மீ. போதாது. பட்டியைக் குறுக்காமல் வளைத்து ஒட்டினால் என்ன ஆகும் என்று கையேட்டை நம்பி முதலில் செய்து பார்த்ததில் தெரிந்தது. பாதி வயிறு மூடுவதற்குள் பட்டிகள் அணியத்தில் மேல்நோக்கி ஏறி, ஒரு விளிம்பு ஒட்டி மறு விளிம்பு தூக்கிக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறப் பார்த்தன. கிளிப் போட்டு அழுத்தினால் அழுத்திய இடத்தில் படிந்து அடுத்த சட்டத்தில் எழும்பும். மரப்பட்டி தட்டை வாக்கில் வளையும். விளிம்பு வாக்கில் வளையாது. எத்தனை வெந்நீரில் ஊறவைத்தாலும் இதில் பெரிய மாற்றமில்லை.

ஒட்டியதைப் பிரித்தேன். வெள்ளைப் பசைக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தூரிகையால் தடவி அரை மணி நேரம் விட்டால் பசை ரப்பராக இளகும், மெல்லிய கத்தியை விட்டு நெம்பலாம். அணியத்தில் அவசரத்துக்கு சூப்பர் குளூ வைத்திருந்த இடங்கள் மட்டும் சட்டத்தின் தோலை உரித்துக்கொண்டு வந்தன. அதன்பிறகு சூப்பர் குளூவைப் பலகை வேலையில் தொடவில்லை.

பிறகுதான் என் பழைய தொழில் கைகொடுத்தது. காலணி அச்சின் மேல் பேட்டர்ன் எடுக்க நாங்கள் அச்சு முழுவதும் மாஸ்கிங் டேப்பை ஒட்டுவோம். டேப்பின் மேலேயே தையல் கோடுகளை வரைந்து, உரித்து, அட்டையில் தட்டையாக ஒட்டி வெட்டினால் அதுதான் பேட்டர்ன். கப்பலின் வயிறும் ஓர் அச்சுதான். ஏற்கெனவே ஒட்டிய பலகையின் விளிம்பிலிருந்து, அடுத்த பலகை வரவேண்டிய இடத்துக்கு அகலமான டேப்பை இழுக்காமல், அதன் போக்கில் ஒட்டினேன். இழுத்து ஒட்டினால் உரித்ததும் சுருங்கி அளவு பொய்யாகிவிடும். பென்சில் முனையைப் படுக்க வைத்துத் தேய்த்தால் கீழே இருக்கும் பலகையின் விளிம்பு டேப்பில் கறுப்புக் கோடாக எழுந்துவிடும். ஒவ்வொரு சட்டத்தின் மேலும் அந்தச் சட்டத்துக்கான அகலத்தை டிவைடரால் குறித்து, வளைபட்டி வைத்து இணைத்தால் மறு விளிம்பு. உரித்து மேசையில் ஒட்டிப் பார்த்தபோது நேராக இருக்கும் என்று நினைத்த பலகை, அணியத்துக்கு அருகில் வாழைப்பழமாக வளைந்து கிடந்தது. இந்த வளைவை 5 மி.மீ. பட்டியிலிருந்து வெட்டி எடுக்க வழியே இல்லை. அகலமான தாள் வேண்டும். 1.5 மி.மீ. தடிமனில் 10 செ.மீ. அகல மரத்தாள்களை இணையத்தில் வாங்கினேன்; ஒன்று இருநூறு ரூபாய்க்குக் குறையவில்லை, நீளம் 30 செ.மீ.தான். கப்பலின் பாதி நீளம் வரை அது போதும். மீதிக்கு நடுச்சட்டத்தின் மேல் முட்டுச் சேர்ந்து பெட்டிப் பட்டியே போய்விடும்.

எல்லாப் பலகைக்கும் டேப் வேண்டியதில்லை. தளத்தை ஒட்டிய மேல்வரிசைகள் பட்டியைச் சீவிக் குறுக்கினாலே படிந்துவிட்டன. அடிமரத்தை ஒட்டிய முதல் பலகையும், அணியம் உள்வாங்கும் இடத்துப் பலகைகளும்தான் பேட்டர்ன் கேட்டவை. டேப் இரண்டு திசையிலும் வளைகிற பரப்பில் சுருங்கினால் பிளேடால் சிறு வெட்டுகள் கொடுத்துப் படிய விடலாம். குறுக்குவதிலும் ஓர் எல்லை உண்டு. பட்டியின் பாதி அகலத்துக்குக் கீழே, அதாவது 2.5 மி.மீ.க்குக் கீழே போனால் முனை பிளந்துவிடும். அப்படி வந்தால் இரண்டு பலகைகளை ஒன்றாக்கி முடித்துவிட வேண்டும். அமரத்தில் குறைந்த 10 மி.மீ.க்குப் பக்கத்துக்கு இரண்டு கூம்புத் துண்டுகளை இடையில் செருகினேன். அசல் கப்பல் கட்டுகிறவர்களும் செய்வதுதான் இது.

வளைக்க வெந்நீரில் கால் மணி நேரம், பிறகு கப்பலின் மேலேயே கிளிப் போட்டு இரவு முழுவதும் காய விடுவது, காலையில் எடுத்து ஒட்டுவது. ஈரத்தோடு ஒட்டக்கூடாது. 5 மி.மீ. பட்டி ஊறினால் 5.2 வரை உப்புகிறது. 22 பட்டிகளுக்கு நாலு மில்லிமீட்டருக்கு மேல். வேலூர்க் காற்று ஒரே பகலில் அதை உலர்த்தி ஒவ்வொரு மூட்டிலும் ஒரு கோட்டைத் திறந்துவிடும். இடப்பக்கம் ஒரு பலகை, வலப்பக்கம் ஒரு பலகை என்று மாற்றி மாற்றி அடைத்தேன். ஒரே பக்கமாக அடைத்துக்கொண்டே போனால் அடிமரம் அந்தப் பக்கம் இழுபடும். கிளிப்புக்குக் கடைக்குப் போகவேண்டியதில்லை. துணிக் கிளிப், காகிதம் பிடிக்கும் கறுப்புக் கிளிப், வளைவான இடங்களுக்குப் பழைய சைக்கிள் டியூபை அரை அங்குல நாடாவாக வெட்டியது. இந்த மூன்றுக்கு மேல் எதுவும் பயன்படவில்லை. மாப்பிள்ளை அனுப்பிய திருகு வைத்த விலையுயர்ந்த கிளிப்புகள் இன்னும் உறையில் இருக்கின்றன. அவரிடம் சொல்லவில்லை.

இரண்டாவது அடுக்கு 0.6 மி.மீ. மெல்லிய பட்டி. முதல் அடுக்கு சரியாக வந்திருந்தால் இது வெறும் மேல்பூச்சு வேலை. தொழிற்சாலைப் பழக்கத்தில் தோல் ஒட்டும் ரப்பர் சொல்யூஷனை இரண்டு பக்கமும் தடவி, காய்ந்ததும் அழுத்தினேன். அற்புதமாக ஒட்டியது. ஜன்னல் ஓரத்தில் வைத்திருந்த கப்பலில் அடுத்த மே மாதத்துக்குள்ளேயே அமரப் பக்கப் பட்டிகளின் முனைகள் எழும்பின. அந்தப் பசை வெப்பத்தில் இளகிக் கொடுக்கும். காலணியில் தையலும் இருப்பதால் அது குறையாகத் தெரிவதில்லை. வளைவை எதிர்த்து நிற்கும் மரத்துக்கு அது தாங்காது. எழும்பியவற்றை உரித்து, பட்டியிலும் உடலிலும் வெள்ளைப் பசையைத் தண்ணீர் கலக்காமல் மெல்லத் தடவிக் காயவிட்டு, சூடான இரும்பால் அழுத்தி ஒட்டினேன். இஸ்திரிப் பெட்டி பெரிது. பழைய சாலிடரிங் அயர்ன் முனையில் சிறு பித்தளைத் தகட்டைத் திருகி வைத்துக்கொண்டேன். ஐந்து விநாடி அழுத்தினால் பசை இளகிப் பிடித்துவிடும், கிளிப்பே தேவையில்லை. அடுத்த கப்பலில் இரண்டாவது அடுக்கு முழுவதையும் இப்படித்தான்.

தளத்தில் பலகைகளுக்கு நடுவே கறுப்புக் கோடு தெரிய வேண்டும். அசல் கப்பலில் அது கலப்பற்று, நாரையும் கீலையும் திணித்த மூட்டு. தோலுக்குப் போடும் கறுப்புச் சாயத்தை விளிம்பில் தடவிப் பார்த்தேன். மரநரம்பு வழியே ஊறிப் பலகை முகத்தில் படர்ந்தது. 4பி பென்சிலால் ஒரு விளிம்பில் மட்டும் அழுத்தித் தேய்த்து ஒட்டினால் போதும், கோடு மெல்லியதாக, ஒரே சீராக வருகிறது.

மேல்பகுதி கறுப்பு, நீர்க்கோடு வெள்ளை, அடி சிவப்பு. நீர்க்கோட்டைக் கையால் வரையக்கூடாது. கப்பலை மட்டம் பார்த்து நிறுத்தி, பென்சிலை ஒரு மரக்கட்டையின் மேல் சரியான உயரத்தில் கட்டி, அந்தக் கட்டையை மேசை மேல் நகர்த்திச் சுற்றி வந்தால் கோடு தானாக விழும். ஸ்பிரே டப்பா உபயோகிக்கிறவர்கள் வேலூரில் பகல் பதினோரு மணிக்கு அடிக்காதீர்கள். வர்ணம் காற்றிலேயே பாதி காய்ந்து, மணல் தூவினாற்போல் விழுகிறது. விடியற்காலையில் அடித்ததுதான் வழவழப்பாக வந்தது.

பாய்மரங்களுக்குப் பெட்டியில் இருந்த உருளைக் குச்சிகளில் ஒன்று வளைந்திருந்தது. கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். துளைக்கருவியின் வாயில் ஒரு முனையைப் பிடித்துச் சுழலவிட்டு, உப்புத்தாளைக் கையில் மடித்து ஓட்டினால் 7 மி.மீ. அடியிலிருந்து 5 மி.மீ. உச்சி வரை சீராகக் குறுகும். அதிகம் அழுத்தினால் குச்சி சூடேறிச் சாட்டையாகத் துள்ளும், மெதுவாகத்தான்.

தளத்தின் ஓரச் சுவருக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய மர ஆணிகள் தேவைப்பட்டன. ஊதுபத்திக் குச்சியின் மூங்கில் இதற்கு நல்ல மரம், ஆனால் கத்தியால் சீவினால் உருண்டை வராது. லாங்கு பஜாரை ஒட்டிய சந்தில் ஒரு நகைப் பட்டறைக்குப் போய், வெள்ளிக் கம்பி இழுக்கும் துளைத்தகட்டைக் காட்டச் சொன்னேன். ஆசாரி முதலில் சிரித்தார். "மூங்கிலை இழுத்தால் தகடு கெட்டுப்போகாதா, அண்ணே?" என்று கேட்டுவிட்டு, ஒதுக்கி வைத்திருந்த பழைய தகடு ஒன்றை எடுத்துத் தந்தார். குச்சியின் முனையைக் கூராக்கிப் பெரிய துளையில் விட்டு, குறட்டால் பிடித்து ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். ஒவ்வொரு துளைக்கும் மூங்கிலின் மேல்நார் சுருண்டு உதிர்கிறது. இரண்டரை மில்லிமீட்டர் குச்சி 0.8க்கு வந்துவிட்டது, முழு உருண்டை. நடுவில் தயங்கி நிறுத்தினால் அறுந்துபோகும். அவரே ஆர்வமாகி நாலைந்து இழுத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை, மெல்லிய முனை கொண்ட சாமணம் ஒன்றை மட்டும் அவரிடம் விலைக்கு வாங்கி வந்தேன். கயிறு வேலை முழுவதும் அந்தச் சாமணத்தால்தான் நடந்தது.

கயிறு வேலை பெட்டி நூலில் தொடங்கவில்லை. அதில் பஞ்சு எழும்பி நின்றது. எழுபத்தைந்தால் பெருக்கினால் ஒவ்வொரு கயிற்றிலும் முழம் முழமாகத் தாடி. ஆரணியில் நெசவுக் குடும்பத்தில் இருக்கும் நண்பர் முறுக்கிய பட்டிழை கொஞ்சம் கொடுத்தார். மூன்று இழையை ஒரே திசையில் முறுக்கி, மூன்றையும் சேர்த்து எதிர்த்திசையில் விட்டால் கயிறு தானே திரிந்துகொள்ளும். இரண்டு மீட்டர் இழைக்கு ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் கயிறு கிடைக்கும். பட்டுக் கயிறு பார்க்க அழகு, அதுவே அதன் குறை. மீன்பிடிக் கப்பலில் பட்டுப் பளபளப்புக்கு என்ன வேலை? அதைக் கட்டி எடுத்துவைத்துவிட்டுப் பருத்தித் தையல்நூலில் திரித்தேன். ஜவ்வாது மலைத் தேன்மெழுகைத் தடவி இழுத்தால் பஞ்சு படிந்து, மங்கலான பழுப்பு நிறம் வந்தது. மிகப் பொருத்தம். பாய்மரங்களை நிறுத்திப் பிடிக்கும் கயிறுகள் எல்லாவற்றையும் இந்தப் பருத்தியிலேயே கட்டி முடித்தேன்.

ஐப்பசி மழை பிடித்த வாரத்தில் முன்மரத்தின் உச்சித்துண்டு பின்பக்கமாக வளைந்து நின்றது. பருத்திக் கயிறு ஈரம் குடித்தால் பருத்து நீளத்தில் சுருங்கும். மெழுகு அதைத் தாமதப்படுத்துமே தவிரத் தடுக்காது. மழை விட்டதும் அதே கயிறுகள் தொய்ந்தன. கோடையில் கட்டியதால் இந்தக் குணம் அதுவரை கண்ணில் படவில்லை. நின்று தாங்கும் கயிறுகளை மட்டும் அறுத்துவிட்டுக் காலணித் தையலுக்கான பாலியஸ்டர் நூலில் மறுபடி கட்டினேன். ஒரு வகையில் அதுவே சரி: 1921 கப்பலில் இந்த இடத்துக் கயிறுகள் இரும்புக் கம்பி வடங்கள், திரித்த கயிற்றின் முறுக்கு அங்கே தெரியக்கூடாது. 0.4 மி.மீ. நூல், கறுப்பு. பாய்களை ஏற்றி இறக்கும் கயிறுகள் பருத்தியாகவே இருக்கின்றன. அவற்றில் இழுவிசை இல்லை.

கட்டும் வரிசை முக்கியம். முதலில் அணியத்திலிருந்து மரத்துக்கு வரும் முன்கயிறு, பிறகு பக்கக் கயிறுகள் வலம் ஒன்று, இடம் ஒன்று. ஒரு பக்கத்தை முழுவதும் முடித்துவிட்டு மறுபக்கம் போனால் மரம் சாயும், அதை நிமிர்த்த மறுபக்கத்தை இறுக்க வேண்டிவரும், கடைசியில் மரம் தளத்துக்குள் அழுத்தி வளையும். பக்கக் கயிறுகளின் அடியில் மூன்று துளையுள்ள சிறு உருளைகள் ஜோடி ஜோடியாக வரும். ஜோடிக்கு நடுவே உள்ள இடைவெளி எல்லாவற்றிலும் ஒன்றாக இருந்தால்தான் பார்க்கிறவர் கண்ணுக்கு உறுத்தாது. பித்தளைக் கம்பியை 'ப' வடிவில் மடித்து, அதன் இரண்டு முனைகளையும் மேல் உருளையிலும் கீழ் உருளையிலும் செருகி வைத்துக்கொண்டு கட்டினேன். கட்டியதும் கம்பியை உருவிவிடலாம்.

இந்தக் கப்பல் எட்டுப் பாய் விரிக்கும். நான் போட்டது நாலு: பெரிய பாய், முன்மரப் பாய், அணியத்தில் இரண்டு முக்கோணப் பாய். எட்டையும் போட்டால் இத்தனை பாடுபட்டுக் கட்டிய கயிறுகளை யாரும் பார்க்க முடியாது. பெட்டித் துணி தடிப்பு. மெல்லிய மல் துணியைத் தேநீர் வடித்த தண்ணீரில் நனைத்து எடுத்து, அரிசிக் கஞ்சி போட்டு, வளைவாகக் காயவைத்தேன். பாயின் துண்டுகளைக் காட்டத் தையல் மெஷினில் ஓட்டலாம் என்று என் மனைவி சொன்னாள். மெஷினின் மிகச் சிறிய தையல் ஒரு மில்லிமீட்டர் என்றே வைத்துக்கொண்டாலும் அசலில் அது ஏழரை செ.மீ. தையல். பென்சில் கோடு போட்டுவிட்டேன். அவள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

தூசிக்குப் பெட்டி கட்டாயம். நூலில் படிந்த தூசியைத் துடைக்க முடியாது. முன்னால் நீளும் மரத்தையும் சேர்த்து 90 செ.மீ. நீளம், 30 அகலம், 75 உயரம் தேவைப்பட்டது. நாலு மி.மீ. கண்ணாடியில் ஐந்து பக்கமும் போட்டால் ஏறக்குறைய 21 கிலோ வருகிறது. அக்ரிலிக் அதில் பாதிக்கும் குறைவு, ஆனால் துடைக்கத் துடைக்கக் கீறல் விழும், தூசியையும் இழுத்துக்கொள்ளும். பின்பக்கத்தை வெள்ளை லேமினேட் ஒட்டிய பலகையாக மாற்றி, மற்றதைக் கண்ணாடியாக வைத்தேன். பெட்டிக்கு மட்டும் ஆறாயிரத்துக்கு மேல் ஆனது. மரத்தாள்களுக்கு ஆயிரத்து இருநூறு, சிறு துளைக்கருவிக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு, வர்ணத்துக்கும் பசைக்கும் உப்புத்தாளுக்கும் சேர்த்து இரண்டாயிரம். ஆக, இலவசமாக வந்த கப்பலுக்குப் பன்னிரண்டாயிரம்.

மறுபடி செய்தால் பெட்டியைத் திறந்து மரத்தை எல்லாம் அறையில் பரப்பி இரண்டு வாரமாவது கிடக்க விடுவேன். அகல மரத்தாள்களைத் தொடக்கத்திலேயே வாங்குவேன். ரப்பர் சொல்யூஷன் அலமாரியிலேயே இருக்கும். முதல் கப்பலாக இப்படி அமரம் நீண்டு தொங்குவதை எடுக்க மாட்டேன். ஒற்றைப் பாய்மரமும் வெட்டினாற்போன்ற அமரமும் உள்ள சிறு படகில் தொடங்குவது நல்லது. வளைவு குறைவு, கயிறு குறைவு, பெட்டியும் சின்னது.

டேப்பில் எடுத்த பேட்டர்ன்களை அட்டையில் ஒட்டி, வரிசை எண்ணும் இடம் வலமும் எழுதிக் கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன். இடப்பக்கத்துப் பேட்டர்னைத் திருப்பி வைத்தால் வலப்பக்கத்துக்குச் சரியாக இருக்கவில்லை. சில இடங்களில் ஒரு மில்லிமீட்டர் வரை வித்தியாசம். அடிமரத்தில் நான் நிமிர்த்தாமல் விட்ட அந்த ஒரு மில்லிமீட்டராகத்தான் இருக்க வேண்டும். அதனால் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக வைத்திருக்கிறேன்.